மொசைக் தரையில் செருப்புக் கடை

7 ஜூலை 1974, ஞாயிறு

புதுக் கட்டடத்தில் மெஷின் வைத்து மொசைக் தரையைத் தேய்க்கிறார்கள். பஸ் ஸ்டாண்டு வரை சத்தம் கேட்கிறது. பொங்கல் முடிந்த கையோடு எங்கள் பழைய கடை வரிசையை இடித்தார்கள். அன்றிலிருந்து நான் பஸ் ஸ்டாண்டு வேப்பமரத்தடியில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிறேன். அப்பா கடைசி வரை செருப்புத் தைத்த அதே மரம். ஐந்து வருஷம் கதவும் பூட்டும் உள்ள கடைக்காரனாக இருந்துவிட்டு மறுபடியும் மரத்தடி.

"கட்டடம் முடியட்டும் தனசேகரா, பழைய கடைக்காரங்க எல்லாருக்கும் உள்ள இடம் உண்டு" என்று இடத்து முதலாளி மாணிக்கவாசகம் சொன்னார். எல்லாருக்கும் என்றாரே தவிர, உனக்கு என்று சொல்லவில்லை. நல்ல செய்தி வந்தாலும் அதில் கல் பொறுக்குகிற ஆள் நான் என்கிறாள் லில்லி. கட்டிக்கொண்டவளுக்குத் தெரியாதா?

14 ஜூலை, ஞாயிறு

உள்ளே போய்ப் பார்த்துவிட்டேன்! முன்பு போலக் கடைகள் தெருவைப் பார்த்து இல்லை. தெருவிலிருந்து ஒரே பெரிய வாசல். உள்ளே கூடம். இரண்டு பக்கமும் கடைகள், கண்ணாடி அலமாரி, பகலிலேயே எரியும் டியூப் லைட். மெட்ராஸில்தான் இப்படி இருக்குமாம். நுழைந்ததும் இடது பக்கம் முதல் கடை எனக்கு. பக்கத்தில் கமலாட்சியம்மாவின் வளையல் கடை.

எதிரே வேணுகோபாலின் பட்டுக்கடை. நேர் எதிரே. பழைய வரிசையில் அவர் ஒரு கோடி, நான் ஒரு கோடி. அதனால்தான் ஐந்து வருஷம் வம்பில்லாமல் போயிற்றோ என்னவோ.

19 ஜூலை, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டது. இனி ஆவணி வரை திறப்பு விழா கிடையாது. பயப்படுவதற்கு எனக்கு ஒரு மாதம் கிடைத்திருக்கிறது.

28 ஜூலை, ஞாயிறு

கமலாட்சியம்மா மரத்தடிக்கே வந்து சொன்னாள். கடைக்காரர்கள் கூட்டம் போட்டார்களாம். என்னைக் கூப்பிடவில்லை.

வேணுகோபால் கேட்டாராம்: "கல்யாணப் பட்டு எடுக்க வர்றவங்க, உள்ள நுழைஞ்சதும் செருப்புலயா முழிக்கணும்?" யாரும் பதில் பேசவில்லையாம். பின்பக்கம் கக்கூஸ் ஓரமாக ஓர் இடம் இருக்கிறது, அதைக் கொடுத்தால் போதும் என்று ஒருவர் சொல்ல, முதலாளி 'பார்க்கலாம்' என்றாராம்.

"நானும் வாய தொறக்கல தம்பி" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. நான் அங்கே இருந்திருந்தால் நானும் திறந்திருக்க மாட்டேன்.

பார்க்கலாம். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம்?

3 ஆகஸ்ட், சனி

என் கடைக்குள் சிமெண்ட் மூட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். மற்ற கடை எதிலும் இல்லை. மேஸ்திரியைக் கேட்டால், "மொதலாளிதான் போடச் சொன்னாரு, எனக்கு இன்னா தெரியும்" என்கிறார்.

சாயங்காலம் ஓரிக்கைக்காரர் ஒருவருக்குத் தோல் வெட்டினேன். இரண்டையும் இடது காலுக்கே வெட்டியிருக்கிறேன். கத்தி பிடித்த நாளிலிருந்து இப்படி ஆனதில்லை. லில்லி சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

18 ஆகஸ்ட், ஞாயிறு

முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். மூட்டைகளை எடுத்துவிட்டார்கள்.

"அங்கயே கடைய போடு. ஆனா ஜனங்க மூஞ்சி சுளிச்சாங்கன்னா, நான் சொல்றதுக்கு முன்னால நீயே காலி பண்ணிக்கணும். இன்னா?"

சரிங்க என்றேன். முதலாளி எது சொன்னாலும் என் வாயில் அது ஒன்றுதான் வருகிறது.

30 ஆகஸ்ட், வெள்ளி

திறப்பு விழா. வாழை மரம், நாதஸ்வரம், பன்னீர், சந்தனம். சுற்று வட்டாரம் முழுக்க வந்துவிட்டது. நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

தாமலிலிருந்து வந்த ஓர் அம்மாள்தான் முதலில் வாசல் தாண்டினாள். தரை மினுமினுப்பைப் பார்த்தாள். பன்னீர் வாசனை வேறு. சட்டென்று செருப்பைக் கழற்றி வாசலிலேயே விட்டுவிட்டு, முந்தானையைப் போர்த்திக்கொண்டு உள்ளே வந்தாள். பின்னால் வந்தவர்களும் கழற்றினார்கள். யாரும் யாரையும் கழற்றச் சொல்லவில்லை. இந்த ஊரில் பெரிய வாசலும் கூட்டமும் மேளமும் இருந்தால் கால் தானாகச் செருப்பை விட்டுவிடும். மத்தியானத்துக்குள் வாசலில் செருப்புக் குவியல். பெரிய கோயில் திருவிழாவில்கூட அவ்வளவு பார்த்ததில்லை.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் செருப்பும் அந்தக் குவியலில்தான் கிடந்தது.

வெறுங்காலோடு வந்தவர்கள் என் கடையைக் கண்டதும் திகைத்து நின்றார்கள். "இன்னாடி இது, இத்தினி சுத்தமான எடத்துல செருப்புக் கடைய வச்சிக்கினு!" என்று ஒருத்தி சத்தமாகவே சொன்னாள். எதிரே வேணுகோபாலுக்கும் கேட்டது. அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார்.

போணியே ஆகவில்லை.

2 செப்டம்பர், திங்கள்

நாலு நாளாக வாசலில் சண்டை. செருப்பு மாறிப் போகிறது, காணாமல் போகிறது. பட்டுக்கடையில் ஒரு கல்யாண வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். வேணுகோபால் புடவை புடவையாக விரித்துப் போடுகிறார். அவர்களுக்குக் கண் பட்டில் இல்லை. ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்து போய் வாசலில் செருப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறார்கள். கடைசியில் "அப்பறம் வர்றோம்" என்று எழுந்துவிட்டார்கள். வேணுகோபால் முகம் செத்துப் போயிற்று.

சாயங்காலம் முதலாளி என்னிடம் வந்தார். குரலில் அவ்வளவு கனிவு.

"வாசல்ல உனக்கு ஒரு கொட்டாய் போட்டுத் தரேன். டோக்கன் குடுத்து செருப்புங்கள பாத்துக்கோ. உனக்குத் தெரிஞ்ச வேலைதானே? உள்ள இருக்கிற கடைய வேற யாருக்காச்சும் விட்டுடலாம். நாளைக்குச் சொல்லு."

நான் தலையாட்டினேனா? ஆட்டியிருப்பேன்.

லில்லியிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "நீ செருப்பு விக்கிறவனா, அடுத்தவன் செருப்புக்குக் காவல் காக்கிறவனாய்யா?"

எனக்கு அப்பாவின் நினைப்பு வந்தது. சில தெருக்களில் நுழையும்போது, தன் கையால் தைத்த செருப்பைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு நடப்பார். தெரு முடிந்ததும் போட்டுக்கொள்வார். ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அவர் இருந்தால் கொட்டகைக்குச் சரி என்றுதான் சொல்லியிருப்பார். நானும் அவர் பிள்ளைதானே. பயமாக இருக்கிறது. கடை போய்விடும் என்ற பயம் ஒன்று. மாட்டேன் என்று சொல்லிவிடுவேனோ என்ற பயம் இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிசு.

3 செப்டம்பர், செவ்வாய்

செய்துவிட்டேன். கர்த்தரே என்று லில்லி மாதிரி சொல்லத் தோன்றுகிறது.

கடைக்கென்று தைத்து வைத்திருந்ததில் நல்ல ஜோடி ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டேன். லில்லி தான் சர்ச்சுக்குப் போடுகிற செருப்பைப் போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் வாசலில் நிற்காமல் உள்ளே நடந்தோம். மொசைக்கில் புதுச் செருப்பு என்ன சத்தம் போடுகிறது!

"ஏய், ஏய், செருப்பு!" என்று வாட்ச்மேன் கத்தினான்.

லில்லி திரும்பிப் பார்த்தாள். "ஆமா, செருப்புதான். கடைக்கு வர்றோம். கோயிலுக்கா வர்றோம்?"

வேணுகோபால் எழுந்து நின்றார். நான் நிமிரவில்லை. என் கடைக்குள் போய் அலமாரியைப் பிடித்துக்கொண்டேன். அடிப்பார்களா, சாமானைத் தூக்கி வெளியே எறிவார்களா — என்னென்னவோ ஓடுகிறது. அப்போது வாசலில் ஒருவர் ஒரு காலைச் செருப்பிலிருந்து பாதி எடுத்தபடி நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். காலை மறுபடி உள்ளே நுழைத்துக்கொண்டு, வீட்டுக்காரியோடு உள்ளே நடந்து வந்தார்.

முதலாளி வந்தார். அவர் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன். "வாசல்ல உக்கார மாட்டேங்க." குரல் உடைந்து கீச்சென்று வந்தது. அவர் திரும்பிப் போய்விட்டார்.

4 செப்டம்பர், புதன்

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது. வாசல் குவியல் பாதியாகிவிட்டது.

8 செப்டம்பர், ஞாயிறு

முகூர்த்த நாள் நெருங்குகிறது, நல்ல கூட்டம். காலையில் வேணுகோபால் தன் கடைப்படியை விட்டு இறங்கி என் பக்கமாக வந்தார். சரி, முடிந்தது என்று நினைத்தேன். அவர் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். செவிலிமேட்டிலிருந்து வந்த கல்யாண வீட்டார் அங்கே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"போட்டுக்கினே வாங்கம்மா! இங்க மெத்தைகிட்ட விட்டா போதும், கண்ணெதிர்லயே இருக்கும்."

அவர்கள் நிம்மதியாக உட்கார்ந்து மத்தியானம் வரை பட்டு எடுத்தார்கள். போகும்போது மாப்பிள்ளைக்குச் செருப்பு வாங்க வேண்டும், எங்கே கிடைக்கும் என்று பெண்ணின் அப்பா கேட்டார். வேணுகோபால் என் கடையை மோவாயால் காட்டினார். முதலாளி கூடத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "போர்டு எப்ப மாட்டப்போறே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து புதுச் செருப்பு கடித்து இரண்டு குதிகாலும் புண். லில்லி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்: "செருப்புக் கடைக்காரனையே செருப்பு கடிச்சிதுன்னா ஊரே சிரிக்கும்யா. ரெண்டு நாளு கழட்டிப் போடேன்."

நாளைக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டு போவேன்.