சிலாடாங்கைப் பார்க்காமல் கப்பலேறுவதில்லை

3 ஜூன் 1958, செவ்வாய்

இன்று காலை இன்னொரு சிலாடாங். தட்டச்சில்தான். தோட்டத்துத் துரை ஒருவர் பகாங் பக்கம் சுட்ட காட்டெருதின் கொம்பு எத்தனை அங்குலம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று பிரதி அடித்தேன். எங்கள் லைசன்ஸ் கவுண்டரில் சைக்கிளுக்கும் நாய்க்கும் வேட்டைத் துப்பாக்கிக்கும் ஒரே நாற்காலி. ஜப்பான் சண்டைக்கு முன்பிருந்து அதில் நான். இந்த மிருகத்தின் பெயரை எத்தனை நூறு தரம் அடித்திருப்பேன்! நேரில் ஒரு தரம் பார்த்ததில்லை.

மத்தியானம் தம்பி சேதுபதியின் கடிதம். பட்டுக்கோட்டை வீட்டின் மேற்குப் பாதியை எங்களுக்காக வெள்ளையடித்துவிட்டானாம். செப்டம்பர் 19 கப்பலில் இரண்டு இடம் பதிந்தது உறுதிதானே என்கிறான். உறுதிதான். பத்தொன்பது வயதில் வந்தேன், நாற்பத்தொன்றில் திரும்புகிறேன். மலாயாவில் என்னடா பார்த்தாய் என்று ஊரில் கேட்டால் என்ன சொல்வது? மலாக்கா. தம்பின் டவுனுக்குப் போகும் பஸ். மறுபடியும் மலாக்கா.

5 ஜூன்

காஜா பேராங் ரோட்டின் கடைசி வரை இரண்டு தரம் நடந்தேன். காரணம் ஒன்றுமில்லை.

8 ஜூன், ஞாயிறு

சாமான் கட்டுவது பற்றிப் பேச்செடுத்தேன். ருக்மணி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. இங்கேயே செமாபோக்கில் பிறந்தவள், இந்தியாவைப் படத்தில் பார்த்ததோடு சரி. கல்யாணமாகி உஜோங் பாசிர், செமாபோக், புக்கிட் பாருவில் இரண்டு வீடு, இப்போது காஜா பேராங். ஐந்து வீடு. ஒவ்வொன்றை விடும்போதும் ஒரு காரணம் சொன்னேன்: ஒன்றில் உப்புக் காற்று, ஒன்றில் பக்கத்து வீட்டு நாய். உண்மையான காரணம் என் கால்கள். ஓரிடத்தில் தரிக்காது. நாலு தரமும் மூட்டை கட்டியவள் அவள்தான்.

பக்கத்து வீட்டு நாகம்மா, செட்டி கம்பத்துக்காரி. பெயர்தான் தமிழ், தலைமுறையாக வீட்டில் மலாய்தான், தமிழ் வராது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மலாயில் கேட்டாள்: "இந்தத் தடவை கடலைத் தாண்டியா? அதுக்கப்புறம் எங்கே, நிலாவுக்கா?" ருக்மணி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு ருக்மணி ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். "விஜயா?"

எங்கள் மகள் விஜயா சிரம்பானில் வாழ்க்கைப்பட்டு ஒரு வருஷம் ஆகிறது. "கப்பல்லே வந்து பாத்துட்டுப் போவா" என்றேன். அவள் மறுபடி அரிசியைப் புடைத்தாள்.

16 ஜூன், திங்கள்

ஆபீஸில் ராஜரத்தினம் குடியுரிமைப் பாரம் ஒன்றை என் கையில் திணித்தார். "வச்சுக்குங்க சார், வேணாம்னா கச்சான் கடலை மடிக்க ஆகும்." இழுப்பறையில் போட்டேன்.

இன்றைக்கு ஒன்று தோன்றியது, தோன்றியதிலிருந்து உட்கார முடியவில்லை. பகாங்கில் தாமான் நெகாரா இருக்கிறதே! போன வருஷம் வரை இங்கிலீஷ் ராஜா பெயரில் இருந்த காடு. அங்கே சுடக்கூடாது, மரம் வெட்டக்கூடாது, பார்க்கலாம். உப்பு மண் உள்ள இடங்களில் பரண் கட்டியிருக்கிறார்களாம். மிருகங்கள் மண்ணை நக்க வரும்போது மேலேயிருந்து பார்க்கலாமாம்.

ருக்மணியிடம் சொன்னேன்: சிலாடாங்கை ஒரு தரம் பார்த்துவிட்டால் போதும், குறையில்லாமல் கப்பலேறுவேன்.

"பாத்துட்டா போயிருவோமா?"

"போயிருவோம்."

கொஞ்சம் யோசித்தாள். "அப்போ நானும் வரேன்."

ஆச்சரியம்! இவள் புக்கிட் பாருவுக்குப் போவதற்கே இரண்டு நாள் யோசிப்பவள்.

28 ஜூன்

அனுமதி வந்துவிட்டது. லீவும் கிடைத்தது.

6 ஜூலை, ஞாயிறு

தம்பின் வரை பஸ், கெமாஸ் வரை ரயில், வண்டி மாறி ஜெரான்துட். கெமாஸில் நாலு மணி நேரம் காத்திருந்தோம். நான் பிளாட்பாரத்தின் நீளத்தை அடியால் அளந்துவிட்டேன். ருக்மணி ஒரே பெஞ்சில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டாள்.

8 ஜூலை, குவாலா தாஹான்

நேற்று விடிந்ததிலிருந்து சாயங்காலம் வரை படகு. ஆறு வற்றின இடங்களில் இறங்கித் தள்ளினோம். தலைக்கு மேலே இருவாட்சி ஒன்று பறந்தது. பறவை இறக்கைக்கு இவ்வளவு சத்தமா? ருக்மணி நாள் முழுக்கக் கையைத் தண்ணீரில் விட்டபடி வந்தாள். இரண்டு கரையிலும் மரம், மரம், மரம். இருபத்திரண்டு வருஷம் இதற்குப் பக்கத்திலேயா இருந்தேன்?

காட்டுக் காவலர் யூசோப் நல்ல மனிதர், பேச்சு குறைவு. பரணுக்கு விதிகள் வைத்திருக்கிறார். புகை கூடாது. பூ கூடாது. தலைக்கு எண்ணெய் கூடாது, வாசனை மிருகத்துக்கு அரை மைல் முன்னாலேயே தெரிந்துவிடும். பரணில் ஆணியில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. யார் எதைப் பார்த்தாலும் தேதி, மணி, எத்தனை என்று எழுத வேண்டும். "பார்த்ததை எழுதணும். பொய் எழுதக் கூடாது" என்றார். வருஷ முடிவில் அதை வைத்துத்தான் காட்டில் என்ன இருக்கிறது என்று கணக்கெடுக்கிறாராம்.

ருக்மணி சாயங்காலம் மூன்று தரம் சீயக்காய் போட்டுத் தலை முழுகினாள்.

9 ஜூலை

பரணில் ஐந்து மணி நேரம். எட்டு நிமிஷத்துக்கு மேல் என்னால் அசையாமல் இருக்க முடியவில்லை. கடிகாரத்தை வைத்தே பார்த்தேன். கால் மரத்தது, முதுகு அரித்தது, இருமல் வந்தது. பலகை முனகியது. ருக்மணி பக்கத்தில் கோயில் தூண் கணக்காக இருந்தாள். முந்தானையில் எறும்பு ஏறியது, அதைக்கூடத் தட்டவில்லை.

ஒன்றும் வரவில்லை. ஒரு அணில்.

10 ஜூலை, வியாழன்

கடைசிக் காலை. விடியும்போதே யூசோப் எங்களைப் பரணில் விட்டுவிட்டு ஒன்பதுக்கு வருவதாகப் போய்விட்டார். ஆறரை வரை பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. ஏணியில் இறங்கி ஆற்றுப் பக்கம் போய் ஒரு சுருட்டுப் பிடித்தேன். விதி தெரியும். அரை மணி இருக்கும்.

திரும்பி ஏறியபோது ருக்மணி அதே இடத்தில். முந்தானையால் வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தனியாக விட்டதில் பயந்திருப்பாள், பாவம்.

"ஏதாச்சும் வந்திச்சா?"

"ஒன்னும் வரலே."

ஒன்பது மணி வரை நானும் பார்த்தேன். வெறும் மண். அந்த நோட்டுப் புத்தகத்தைத் தொடக்கூட மனம் வரவில்லை. என்னத்தை எழுதுவது, அணில் என்றா?

12 ஜூலை, ரயிலில்

சொல்லிவிட்டேன். உன் தலை எண்ணெயால்தான் வரவில்லை, வருஷக்கணக்கில் ஊறினது மூன்று சீயக்காயில் போய்விடுமா என்று. பெட்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ருக்மணி ஜன்னலைப் பார்த்தபடி "இருக்கும்" என்றாள்.

3 ஆகஸ்டு, ஞாயிறு

பார்க்காமல் எப்படிப் போவது? மூன்று வாரமாக இதே நினைப்பு. நேற்றுக் கப்பல் ஏஜண்டிடம் போய் ஒரு வருஷம் தள்ளிப் போட்டேன். அடுத்த ஜூலை மறுபடி பரண், செப்டம்பரில் கப்பல். அவ்வளவுதான்.

ருக்மணியிடம் சொன்னேன். "உங்க இஷ்டம்" என்றாள். இன்றைக்கு வைத்த மீன் குழம்பு அபாரம்.

19 செப்டம்பர், வெள்ளி

இன்று கப்பல் போயிருக்கும். சேதுபதி கடிதம் போடுவதை நிறுத்திவிட்டான்.

30 அக்டோபர், வியாழன்

யூசோப்பிடமிருந்து தபால். மழைக்கு முன் பரண் நோட்டைக் கணக்கெடுக்கிறாராம். ஒரு பக்கத்தில் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து இருக்கிறதாம். தேதி ஜூலை 10, நீங்கள் ஒன்றும் பார்க்கவில்லை என்றீர்கள், ஆகவே உங்கள் வீட்டு அம்மா எழுதியதாக இருக்க வேண்டும், என்ன மிருகம், எத்தனை என்று படித்துச் சொல்லிப் பக்கத்தைத் திருப்பி அனுப்பவும் என்று கேட்டிருக்கிறார். பக்கத்தைக் கிழிக்காமல், தையலைப் பிரித்து எடுத்து வைத்திருந்தார். ருக்மணி கையெழுத்துதான். அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்:

"10-7-58. காலை 6.50. காட்டெருது. ஆண் ஒன்று, பெண் இரண்டு, கன்று ஒன்று. மண்ணை நக்கிவிட்டுப் போயின. நாலு காலிலும் வெள்ளைக் காலுறை போட்டதுபோல் இருக்கிறது. இவர் சுருட்டுப் பிடிக்கப் போயிருக்கிறார். இவரிடம் சொல்ல மாட்டேன். பார்த்துவிட்டால் கப்பலேறிவிடுவார். பொய் எழுதக் கூடாது என்றதால் இங்கே எழுதுகிறேன். ருக்மணி, காஜா பேராங்."

31 அக்டோபர்

என்னா நெஞ்சழுத்தம் இவளுக்கு! நாலு மாடு — கன்னுக்குட்டியோட! — கண்ணு முன்னாலே நின்னிருக்கு, "ஒன்னும் வரலே"ங்கிறா. ஒரு வருஷக் கப்பலைத் தள்ளிப்போட வச்சாளே! தம்பிக்கு நான் என்ன பதில் சொல்றது? வாயைத் திறந்து "நான் வரலேங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா—

சொல்லியிருந்தால்? கேட்டிருப்பேனா? ஐந்து வீட்டில் ஒரு வீட்டுக்காவது அவளைக் கேட்டேனா?

ரயிலில் அத்தனை பேர் முன்னால் எண்ணெய் என்றேன். "இருக்கும்" என்றாள். வெட்கமாக இருக்கிறது.

2 நவம்பர், ஞாயிறு

யூசோப்புக்குப் பதில்: சிலாடாங், ஆண் ஒன்று, பெண் இரண்டு, கன்று ஒன்று. மற்றவை குடும்ப விஷயம் என்று எழுதினேன். பக்கத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

ருக்மணியிடம் ஒன்றும் கேட்கவில்லை. தீபாவளிக்கு விஜயா வருகிறாளாம். ருக்மணி முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டே பாடுகிறாள். இவள் பாடுவாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

18 ஜனவரி 1959, ஞாயிறு

சேதுபதி எழுதிவிட்டான். இந்த செப்டம்பரிலும் வராவிட்டால் மேற்குப் பாதியைப் பள்ளிக்கூட வாத்தியாருக்கு வாடகைக்கு விடப்போகிறானாம். அவன் கோபமும் நியாயம்தான். போகவா, வேண்டாமா? கால் குறுகுறுக்கிறது. இந்தப் பாழாய்ப்போன கால்.

பின்கட்டுப் படியில் கடிகாரத்தோடு உட்கார்ந்து பார்த்தேன். அசையாமல் பதினோரு நிமிஷம்.

22 பிப்ரவரி

பத்தொன்பது நிமிஷம்.

5 ஏப்ரல்

முப்பத்தொரு நிமிஷம். நாகம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து ருக்மணியைக் கூப்பிட்டாள். ருக்மணி ஓடிவந்து, "உடம்புக்கு என்னாங்க?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

8 ஜூலை, புதன், குவாலா தாஹான்

சுருட்டை மலாக்காவிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

விடியலில் பரண் ஏறினோம். பனிமூட்டம். கால் மரத்தது, மரக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு மணி நேரம் போயிருக்கும்.

முதலில் மூச்சுச் சத்தம். அப்புறம் மூங்கில் விலகியது. வந்துவிட்டது. ஒற்றை ஆண். நான் அடித்த அங்குலங்கள் எல்லாம் வீண் — எந்தக் காகிதத்திலும் இந்த உடம்பு இல்லை. கறுப்பு, அவ்வளவு கறுப்பு. நாலு காலிலும் வெள்ளை, அவள் எழுதினது போலவே. முப்பதடி தூரம். நாக்கு மண்ணில் உரசுகிற சத்தம்கூடக் கேட்டது. என் கண்ணில் நீர் வந்தது, துடைக்கவில்லை.

நீயும் பார் என்று மெல்லக் கண்ணைத் திருப்பினேன். ருக்மணி அதைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்குத் தண்டனை கேட்கப்போகிறவள் முகம்.

கால் மணி நேரம் நின்றுவிட்டு அது போனது. பிறகு அவளே கேட்டாள்:

"பாத்துட்டீங்களா?"

"பனி லா. சரியாத் தெரியலே" என்றேன். "இன்னொரு வாட்டி வரணும்."

விழித்தாள். பிறகு ஆணியில் தொங்கிய நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாளா அழுதாளா, எனக்குத் தெரியவில்லை. பரண் பலகை முனகியது. இந்தத் தடவை அசைந்தது அவள்.

நோட்டில் நானே எழுதினேன், தமிழில். பொய் எழுதவில்லை.

14 ஜூலை, செவ்வாய்

குடியுரிமைப் பாரத்தை இழுப்பறையிலிருந்து எடுத்து நிரப்பிக் கொடுத்துவிட்டேன். "கச்சான் மடிக்கலையா?" என்றார் ராஜரத்தினம்.

சேதுபதிக்கும் எழுத உட்கார்ந்தேன். மேற்குப் பாதியை வாத்தியாருக்கே விடச் சொல்லிவிட்டேன். காரணம் கேட்பான். ஒரு மாடு சரியாகத் தெரியவில்லை என்று எழுதினால் நம்பவா போகிறான்?