உள்ளேன் டீச்சர்

அடி அண்ணாமலை,
12.7.2004

அன்புள்ள பெரிய டீச்சருக்கு, வணக்கம்.

நீங்கள் மாற்றலாகிப் போன அன்று, மாலை போட்ட கூட்டத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தென்றலின் குரல் இன்னும் கம்ப்யூட்டரில் இருக்கிறது.

வருகை எடுக்க ஒவ்வொரு பிள்ளையின் குரலையும் நீங்கள் பதிவு செய்தது நல்ல யோசனை. படத்தின் மேல் அழுத்தினால் "உள்ளேன் டீச்சர்" என்று வரும். அதைக் கேட்கவே பிள்ளைகள் நேரத்துக்கு வருகிறார்கள். கோடை விடுமுறையில் ஏரியில் மூழ்கி இறந்துபோன தென்றலின் படத்தை மட்டும் நான் தாண்டிவிடுவேன். போன வாரம் அவள் அம்மா, நம் சத்துணவுக்குச் சமைக்கும் பாஞ்சாலை அக்கா, கரண்டியோடு வாசலில் வந்து நின்றார்.

"எல்லாப் பிள்ளையும் பேசுது. எம் பொண்ண மட்டும் ஏன் டீச்சர் தாண்டிட்டுப் போறீங்க?"

அழுத்திவிட்டேன். இப்போது தினமும் வருகிறார். பிள்ளைகளும் பாயில் அவள் இடத்தை விட்டே உட்காருகிறார்கள். அழித்துவிடவா?

உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

அன்புடன்,
சந்திரகலா

செங்கம்,
20.7.2004

அன்பு சந்திரா,

வலி ஜாஸ்திதான். இங்கே கம்ப்யூட்டரைப் பெட்டி பிரிக்காமல் பூட்டி வைத்திருந்தார்கள். சண்டை போட்டு வெளியே எடுத்தேன். கடிதமே போடமாட்டாய், போட்டால் இப்படியா?

அழிக்கத்தான் வேண்டும். ஆனால் பாஞ்சாலை சரியென்ற பிறகு செய். அவளுக்குத் தெரியாமல் மட்டும் செய்துவிடாதே.

ஆசிகளுடன்,
ராணியம்மாள்

அடி அண்ணாமலை,
9.8.2004

அன்புள்ள பெரிய டீச்சருக்கு,

கேட்டேன். "இருக்கட்டுமே டீச்சர், யாருக்கு என்ன தொந்தரவு?" என்றார். விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில் கரண்ட் இல்லை. பதிவேட்டைப் பார்த்து வாயால் கூப்பிட்டேன். பழக்கத்தில் தென்றல் பேரையும் கூப்பிட்டுவிட்டேன்.

"உள்ளேன் டீச்சர்."

கம்ப்யூட்டர் துணி போட்டு மூடியிருந்தது. பிள்ளைகள் யாரும் வாய் திறக்கவில்லை. திடுக்கிடவும் இல்லை, அடுத்த பேருக்காக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்ற பாஞ்சாலை அக்கா, "சளி புடிச்சிருக்கு போல, குரல் கம்மியா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

கரண்ட் வந்ததும் அழித்துவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. உங்கள் பேச்சை மீறியது இதுதான் முதல் தடவை.

மறுநாள் அவர் வந்து நின்றார். கடைசிப் பேர் வரை கேட்டார். கரண்டியோடு திரும்பிப் போய்விட்டார்.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. பஸ் நிறுத்தத்தில் பூ விற்கிற, ஊருக்குப் புதிதான தனத்திடம் விசாரித்தேன்.

"பொண்ணு கையப் புடிச்சிக்கிட்டு காலையிலேயே பஸ் ஏறிட்டாங்க டீச்சர்" என்றாள்.

பாஞ்சாலை அக்காவுக்கு வேறு பிள்ளை கிடையாது.

சந்திரகலா