மாட்யூலுக்கு மாற்றிய வாரம்

செவ்வாய், 9 மார்ச் 1999

காலையிலிருந்து மழை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் முழுக்க ஜாம். ஆபீஸ் ஏர்கோன் ஒழுகல், கீழே வாளி.

வெள்ளியன்று கிள்ளான் காலேஜ் ரிசல்ட், நம் வெப்சைட்டில். போன தடவை எல்லாரும் ஒரே நேரத்தில் தட்ட, சர்வர் படுத்துவிட்டது. இப்போதுள்ள சி.ஜி.ஐ. முறை அப்படித்தான். ஒவ்வொரு பிள்ளைக்கும், ரிசல்ட்டைத் தேடித் தரும் என் ஸ்கிரிப்டைப் புதிதாக எழுப்பும், பதில் வாங்கும், சாகடிக்கும். மாட்யூல் என்றால் ஸ்கிரிப்ட் சர்வருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். வேகம்.

முதலாளி சிவபாலன்: "இந்தத் தடவையும் படுத்தா காண்ட்ரேக்ட் போச்சு லா. மாட்யூல் போடு."

வாங்க: பால், குடை.

வியாழன், 11

மாற்றியாச்சு. டெஸ்ட் ஓகே. பாஸான பிள்ளைகளின் நம்பர்களாகவே போட்டேன். ஃபெயிலில் ஆரம்பிக்க மனம் வரவில்லை.

வெள்ளி, 12

வெப்சைட் பறக்கிறது! சிவபாலன் எல்லாருக்கும் தே தாரிக் டீ வாங்கித் தந்தார். எனக்குக் கொஞ்சம் திமிர்தான்.

மதியம் காலேஜ் கிளார்க் அக்கா போன். "கேரி தீவுப் பொண்ணு தமயந்தி, நல்லா படிக்கிறவ. கணக்குல ஃபெயில்னு வந்துச்சாம். சைபர் கஃபேல பார்த்துட்டு அழுதுகிட்டே வீட்டுக்குப் போயிட்டாளாம், கூட்டாளி வந்து சொல்றா. எங்க பேப்பர்ல பாஸ்மா."

நான் அவள் நம்பரைத் தட்டினால் பாஸ். மறுபடி, பாஸ். மறுபடி, ஃபெயில். ஸ்கிரிப்டைத் திறந்து வரி வரியாகப் படித்தேன்.

ஸ்கிரிப்ட் தவறிய பாடங்களைக் குறித்து வைக்கும் இடத்தை நான் காலி பண்ணவே இல்லை. சி.ஜி.ஐ.யில் ஸ்கிரிப்ட் செத்ததும் அதுவும் போய்விடும், சாப்பிட்ட வாழை இலை மாதிரி. மாட்யூலில் சர்வர் மாற்றி மாற்றி நீட்டுவது அதே சில தட்டுகள், கழுவாமல். முன்னால் பார்த்தவன் கணக்கில் தோற்றிருந்தால், அது அடுத்த பிள்ளையின் பெயருக்குக் கீழே.

ஒரு வரி. திருத்திவிட்டேன்.

சிவபாலன்: "சரி பண்ணியாச்சு இல்ல? சும்மா இரு. திரும்பப் பார்த்தா சரியா தெரியும்."

ஃபெயில் என்று பார்த்த பிள்ளை எதற்குத் திரும்பப் பார்க்கும்? ஆத்திரமாக வந்தது. அவர் வெளியே போனதும் கிளார்க் அக்காவைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வீடு வீடாகப் போன் போடுகிறார்களாம். தமயந்தி வீட்டில் போன் இல்லை.

சனி, 13

சரியான வெயில். கேரி தீவு. செம்பனைத் தோட்டத்துக்குள் வழி தெரியாமல் சுற்றி, கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் அவள் அப்பா.

"அண்ணே, உங்க மக பாஸ். எங்க கம்ப்யூட்டர்ல தப்பு." பிறகு, "தப்பு என்னோடதுண்ணே."

அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தார். உள்ளே ஓர் அறைக் கதவு சாத்தியிருந்தது.

"நல்லாதான்பா எழுதுனேன்னு தலையில அடிச்சிக்கிட்டு சொன்னாம்மா. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமான்னு கேட்டு, அவ மேல கை நீட்டிட்டேன்."

எழுந்து போய்க் கதவைத் தட்டினார். "அம்மா தமயந்தி, அப்பாதான்."

உள்ளே விசும்பல் கேட்டது. கதவு திறக்கவில்லை.