இறுக்கிப் பார்த்த மண்

வியாழக்கிழமை ராத்திரி.

இன்னைக்குச் சித்தூர்ல என்னைப் பெத்த நைனாவை அடக்கம் பண்ணோம். எனக்கு அழுகை வரல.

குழியில போடச் சொல்லி பாஸ்டர் ஒரு பிடி மண் குடுத்தார். என் கை தானா அதை இறுக்கிச்சு. விரிச்சுப் பார்த்தேன்.

எல்லாம் நான் வேலை பார்க்கற ரேணிகுண்டா லேப் பழக்கம். நிலக்கரியைச் சுட்டு கோக் கரியாக்கற அடுப்புக்குப் போற தூளை அச்சுல இடிச்சுக் கட்டியாக்கறதுக்கு முன்னாடி தினமும் ஒரு பிடி இறுக்கிப் பார்ப்பேன். கையில உதிர்ந்தா, இடிச்ச கட்டியும் நிக்காது, சரிஞ்சுடும்.

மண்ணுல விரல் தடம் பதிஞ்சிருந்தது. ஈரம் சரியா இருக்குதுன்னுதான் தோணுச்சு. நைனா ஞாபகம் வரல.

"இன்னாக்கா பாத்துக்கினு கீற? போடு"ன்னான் தம்பி.

போட்டேன். மத்தவங்க போட்ட மண்ணெல்லாம் உதிர்ந்துச்சு. என்னோடது மட்டும் பெட்டி மேல உடையாம நின்னுச்சு.