நீலச் சேலைக்கு அந்தப் பக்கம்

அண்ணி,

இந்நேரத்தில் எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். விடிந்தால் புரட்டாசிச் சனிக்கிழமை. திருமலைக்குப் போக உங்கள் தம்பி டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்தார். திறந்ததும் மேலே உங்கள் நீலச் சேலை, ஓரத்தில் அந்தச் சந்தனக் கறை. மூக்கருகே கொண்டுபோனேன். சேலைதான் மணக்கிறதா, என் நினைப்பா, தெரியவில்லை.

நீங்கள் இல்லாத முதல் புரட்டாசி இது. கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் கொட்டகையை இந்த வருஷமும் நம் குடும்பமே பார்த்துக்கொள்ளும் என்று உங்கள் நைனா, என் மாமனார், சொல்லிவிட்டார். அவர் பால் காய்ச்சுவார், உங்கள் தம்பி மைக்கில் கூப்பிடுவார். உங்கள் இடத்தில் நான். பாப்பா இப்போது ஓடுகிறாள், அண்ணி. யார் யார் பிள்ளைகளையோ நான் சமாதானப்படுத்திக்கொண்டிருக்கும்போது அவள் கூட்டத்துக்குள் நழுவிவிட்டால்? காலையில் வரவில்லை என்று சொல்லிவிடலாமா என்று இருக்கிறது.

கல்யாணமாகி வந்த வருஷம், காலேஜில் படித்த தைரியத்தில், ஒவ்வொரு பிள்ளையிடமும் பேர் என்ன, ஊர் என்ன என்று விசாரித்தேன். எல்லாம் சேர்ந்து அழ ஆரம்பித்தன.

"ஏம்மா, இன்னா போலீஸ் கச்சேரியா வச்சிக்கினு கீற? மொதல்ல துன்ன எதுனா குடு" என்று சிரித்தீர்கள்.

அன்றுதான் குடிபாலா என்ற ஊரிலிருந்து வந்த அந்தச் சிறுமி வழிதவறி வந்தாள். ஆந்திர எல்லைத் தகராறில் சித்தூர் யாருக்கு, திருத்தணி யாருக்கு என்று வெளியே ஆண்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். உள்ளே நீங்கள் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தீர்கள். அவளுடைய அப்பா மூச்சிரைக்க ஓடி வந்தார். அப்போதுதான் முடி காணிக்கை கொடுத்திருந்தார். தலையில் சந்தனம், மீசையும் இல்லை.

"இது எங்க நைனா இல்ல!" என்று உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"ஐயோ, நான்தாம்மா!" அவர் கை நீட்ட நீட்ட அவள் வீறிட்டாள். பிள்ளை பிடிக்கிறவனோ என்று யாரோ முணுமுணுத்தார்கள். நானும் பயந்து அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். நீங்கள் மட்டும் கொடியில் காய்ந்த இந்த நீலச் சேலையை நடுவில் விரித்துவிட்டீர்கள்.

"அண்ணா, அந்தாண்ட நில்லு. வூட்ல எப்படி கூப்புடுவியோ அப்படிக் கூப்புடு."

அவர் சேலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். பிறகு அவர் குரல்: "அடியே வாயாடி, கன்னுக்குட்டிக்குப் புல்லு போட்டியா?"

விசும்பல் நின்றது. "நான் போட்டேன். நீதான் தண்ணி வைக்கல!" சேலைக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போய்விட்டாள். உங்கள் நைனா சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பு அணைந்தது. அந்த மனிதர் சந்தனம் வழிந்த முகத்தைச் சேலையிலேயே துடைத்துக்கொண்டு அழுதார். கறை அப்படி வந்ததுதான்.

"மொட்டை அடிச்சா மூஞ்சி போயிடும். குரலு எங்க போவும்?" என்றீர்கள்.

கடைசி நாட்களில் உங்கள் முகமும் அடையாளம் தெரியாமல்தான் போயிருந்தது. "பாப்பா துன்னுச்சா?" என்று கேட்ட குரலில்தான் உங்களைக் கண்டுகொண்டேன்.

சேலையை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். நாளை அதைக் கொட்டகையில் கட்டுவேன். பாப்பா கண்ணில் படாமல் போனால் ஓடித் தேடுவதற்கு முன் வாயாரக் கூப்பிடுவேன். என் குரல் அவளுக்குத் தெரியும். அவ்வளவு தைரியம் வந்திருக்கிறது.

ஆனாலும் கட்டி முடித்ததும் ஒரு நிமிஷம் இந்தப் பக்கம் நின்று உங்களைக் கூப்பிடுவேன், அண்ணி. சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.