மஞ்சள் கப்

அன்புத் தங்கச்சிக்கு,

நேற்று போனில், சூளையில் ஒரு சட்டிகூட விரிசல் விடாததைப் பற்றியே பேசினேன். சொல்ல வந்தது வேறு, வாய் வரவில்லை. உங்கள் கட்டுமாவடிக்கு மீன் எடுக்க வரும் மச்சான் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

"ஜெஸ்வின் அடிக்கடி வயித்துவலின்னு சுருண்டு படுத்துக்கிறான்க்கா. பெரியம்மா செஞ்ச மஞ்சக் கப்புல ஊத்துனாத்தான் லெமன் ஜூஸே குடிக்கிறான்" என்று முந்தாநாள் அலுத்துக்கொண்டாய். உடனே அதே மஞ்சள் பூச்சுள்ள இன்னொரு கப்பில் எலுமிச்சைச் சாறு ஊற்றி வைத்தேன். நேற்றுக் காலையில் சாறு நின்ற மட்டத்துக்குப் பளபளப்பு போய் வெளுத்திருந்தது.

அந்தக் கப்புகளைச் சுட்ட மாதம் சூளைக்குக் கேஸ் சிலிண்டர் ஒன்றுதான் இருந்தது. குறைந்த சூட்டிலேயே பூச்சு உருகட்டும் என்று காரீயப் பொடி கலந்தேன். எல்லாம் ஷோகேஸில் வைக்கத்தானே என்று நினைத்தேன். பிள்ளையின் பேர் எழுதிய கப்பையும் அதே பூச்சில் முக்கியவள் நான்தான்.

இன்றே அவனைத் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. ரத்தத்தில் காரீயம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல். இனி அந்தக் கப்பில் எதையும் ஊற்றிக் கொடுக்காதே. என் மேலுள்ள கோபத்தில் கப்பை உடைத்துவிடாதே, டாக்டர் கேட்பார்.

மேலே ஒரு வரியை அடித்திருக்கிறேன். "பயப்படாதே" என்று எழுதியிருந்தேன்.

உன் அக்கா