கல்லாவுக்கு மேலே உன் படம்

அன்பு மல்லிகா அக்கா,

அங்கேயாவது முட்டிவலி இல்லாமல் இருக்கிறாயா? இங்கே நடந்ததைச் சொல்ல எனக்கு உன்னைத் தவிர ஆளில்லை.

ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கம் நம் மகளிர் குழு போட்ட டிபன் கடை நடக்கிறது. ஆனால் அது இப்போது நம்முடையது இல்லை.

உன் காரியம் முடிந்த மறுநாள் நானும் நூர்ஜஹானும் கடை திறக்கப் போனோம். உன் மகன் பாபு முன்பே வந்து கல்லாவில் உட்கார்ந்திருந்தான். துணைக்கு வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தோம். நூர்ஜஹான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கடை எங்கம்மா பேர்ல கீது. இனிமே நான் பாத்துக்கறேன். வேணும்னா நீங்க கூலிக்கு இருங்க" என்றான்.

"இது அஞ்சு பேர் கடைப்பா. உங்கம்மா எங்களுக்குத் தலைவி, அவ்ளோதான்" என்றேன் நான்.

"அதையே பேசிகினு இருந்தா பேஜார்தான் சித்தி."

சித்தி என்றுதான் அப்போதும் கூப்பிட்டான்.

கடையை ஒதுக்கித் தந்த ஆபீசுக்கு ஓடினோம். "தலைவி பேர்லதானம்மா கீது, நாங்க என்னா பண்றது?" என்றார்கள்.

குழுவின் பெயரை அழித்துவிட்டு 'மல்லிகா டிபன்' என்று எழுதியிருக்கிறான். கல்லாவுக்கு மேலே உன் படம், தினமும் புது மாலை. அம்மா மேல் எவ்வளவு பாசம் என்கிறார்கள் சாப்பிட வருகிறவர்கள். அந்தப் படத்துக்குக் கீழே நின்று உன் பிள்ளையோடு சண்டை போட எங்களுக்கு வாய் வரவில்லை.

நூர்ஜஹானின் கணவர் படுக்கையில் இருக்கிறார். வேறு வழியில்லாமல் அவள் அங்கேயே பாத்திரம் கழுவுகிறாள். நேற்று டம்ளர் கைதவறி விழுந்ததற்கு எல்லார் முன்னாலும் திட்டியிருக்கிறான். மற்ற இருவரும் விசைத்தறிக் கூலிக்கே திரும்பிவிட்டார்கள். கடை இருந்தவரை வீட்டில் என் பேச்சு எடுபட்டது. இப்போது நான் பேசப் பேசவே என் வீட்டுக்காரர் எழுந்து போய்விடுகிறார்.

ஒன்று கேட்கட்டுமா அக்கா? பாபுவுக்கு வேலை அமையவில்லையே என்று மாவு கரைத்தபடியே நீ அழுததைப் பார்த்தவள் நான். இதை நீ பார்த்திருந்தால் யார் பக்கம் நின்றிருப்பாய்? அவனைக் கல்லாவிலிருந்து எழுப்பியிருப்பாயா, இல்லை, உட்காரட்டும் விடு என்றிருப்பாயா? இரண்டில் எது என்று தெரியாமல்தான் தவிக்கிறேன்.

கடை திரும்பி வரும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. உனக்கு ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். உன் பிள்ளையைத் தெருவில் தூற்ற மாட்டேன். ஆனால் அது யார் கடை என்று யார் கேட்டாலும், அவன் காதில் விழும்படியே சொல்வேன், ஐந்து பெண்கள் போட்ட கடை என்று.

உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
சுமதி